உஷார்! சூரியப் பாடம் நடத்தப் போகிறீர்களா?

திருப்புட்குழி, பாலுசெட்டி சத்திரம் சுற்றுவட்டாரத்து ஆசிரியர்களே, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். பள்ளியின் அறிவியல் அலமாரியைத் திறந்து பாருங்கள். பழைய எக்ஸ்ரே பிலிம், புகை படிய வைத்த கண்ணாடித் துண்டு, கீறல் விழுந்த சி.டி., 2019 கிரகணத்துக்கு வாங்கி மடித்துச் செருகிய அட்டைக் கண்ணாடி, இப்படி ஏதாவது கிடக்கிறதா? கிடந்தால் இன்றைக்கே குப்பையில் போடுங்கள். போடும்போது இரண்டாக வெட்டிப் போடுங்கள். முழுசாகப் போட்டால் அதைப் பொறுக்கி எடுத்துப் பையில் வைத்துக்கொள்ள ஒரு பையன் எல்லாப் பள்ளியிலும் இருப்பான்.

ஏன் இந்த அவசரம்? சூரியன் இப்போது அடிக்கடி செய்தியில் வருகிறது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலம் கிளம்பியதிலிருந்து பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். 2024 மே மாதம் சூரியப் புயலால் லடாக்கின் ஹான்லே வானம் சிவந்த படங்கள் எல்லாக் கைபேசிக்கும் வந்து சேர்ந்தன. 2025 நவம்பர் கடைசியில், கடுமையான சூரியக் கதிர்வீச்சு விமானக் கணினியின் தரவைக் குலைக்கக்கூடும் என்று சொல்லி, ஏர்பஸ் நிறுவனம் உலகம் முழுக்கச் சுமார் 6,000 ஏ-320 வகை விமானங்களைத் திருத்தச் சொன்னது. நம் நாட்டில் மட்டும் முந்நூறுக்கு மேல் அந்தப் பட்டியலில் இருந்தன. விண்வெளி வானிலை என்பது கேட்காமலேயே வகுப்பறைக்குள் வந்துவிட்டது. ஆர்வமுள்ள ஆசிரியர் என்ன செய்வார்? "வாங்கடா, வெளியே போய்ச் சூரியப் புள்ளி தெரியுதான்னு பார்ப்போம்" என்பார். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாடம் நல்ல பாடம், நடத்தியே ஆக வேண்டிய பாடம். ஆனால் விழித்திரைக்கு வலி தெரியாது என்பதை நடத்துகிறவர் முதலில் மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். வெறுங்கண்ணால் சூரியனை உற்றுப் பார்க்கிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் கூசும், தண்ணீர் வரும், அவ்வளவுதான். உள்ளே பார்வையின் நட்டநடுப் பகுதி வெந்துகொண்டிருப்பது தெரியாது. பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள் காலை எழுந்த பிறகுதான் கரும்பலகையில் எழுதியதன் நடுவே ஒரு கறை தெரியும். எங்கே பார்த்தாலும் அந்தக் கறை கூடவே வரும். சிலருக்கு மாதக்கணக்கில் மெல்லச் சரியாகலாம். சிலருக்கு ஆகாமலே போகலாம். இதைக் குணப்படுத்தும் என்று உறுதிப்பட்ட மருந்து கிடையாது. பிள்ளைகளின் கண் வில்லை பெரியவர்களுடையதைவிடத் தெளிவானது. அதனால் கெடுதல் செய்யும் ஒளி இன்னும் அதிகமாக உள்ளே போகும்.

"நாங்க சின்ன வயசுல மஞ்சத் தண்ணியில பார்த்தோமே, கண்ணு என்ன போயிடுச்சா?" என்று கேட்காத வீடு இல்லை. சாணம் கரைத்த தண்ணீர், மஞ்சள் கரைத்த தண்ணீர், எண்ணெய் ஊற்றிய தாம்பாளம் என்று ஊருக்கு ஒரு முறை உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உச்சி வெயிலில் தண்ணீர்ப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 2 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அதாவது ஐம்பதில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. சூரியனைப் பார்ப்பதற்கென்று தயாராகும் வடிகட்டிக்கு ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற தரம் இருக்கிறது. அந்தத் தரத்தின்படி ஒளி முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைய வேண்டும். ஐம்பது எங்கே, முப்பதாயிரம் எங்கே? இதோடும் போகவில்லை. சூரியன் சாயச் சாயத் தண்ணீர் இன்னும் அதிகமாகத் திருப்பி அனுப்பும். அடிவானத்துக்கு மேலே பத்து டிகிரியில் நிற்கிற சாயங்காலச் சூரியன் என்றால் மூன்றில் ஒரு பங்கு ஒளி அப்படியே கண்ணுக்கு வரும். 'சாயங்கால வெயில்தானே' என்று தாம்பாளத்தைச் சுற்றி உட்காரும் பிள்ளைகள்தான் அதிகம் மாட்டிக்கொள்வார்கள்.

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. 2027 ஆகஸ்ட் 2 அன்று ஒரு சூரிய கிரகணம் வருகிறது. எகிப்தில் லக்ஸர் அருகே ஆறு நிமிடத்துக்கு மேல் முழுக் கிரகணம். நமக்கு அது சூரியன் மேற்கே சாய்ந்த பிறகு தெரியும் பகுதி கிரகணம். அன்று திங்கட்கிழமை, பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு தெருவில் இருக்கும் வேளை. முழுக் கிரகணம் நடக்கும் ஊர்களில் சில நிமிடம் வெறுங்கண்ணால் பார்க்கலாம் என்பது உண்மை. தமிழ்நாட்டில் அன்று அப்படி ஒரு நொடிகூடக் கிடையாது. வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துவிட்டு 'பார்க்கலாமாம்' என்று எவராவது சொல்லத்தான் போகிறார்கள்.

எக்ஸ்ரே பிலிம் கறுப்பாகத் தெரிவதால் பாதுகாப்பு என்று நினைப்பது பெரிய ஏமாற்று. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது குறைக்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் தாராளமாக விட்டுவிடும். கூச்சம் குறைவதால் பிள்ளை இன்னும் அதிக நேரம் உற்றுப் பார்க்கும். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான். தொலைநோக்கி, பைனாகுலர் பக்கமே போக வேண்டாம். அட்டைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பைனாகுலரில் பார்த்தாலும் ஆபத்துதான். குவிந்து வரும் சூடு அந்த அட்டைப் படலத்தையே பொசுக்கிவிடும். பழைய பொம்மைத் தொலைநோக்கிகளில் கண் வைக்கும் முனையில் திருகி மாட்டும் 'சூரிய வடிகட்டி' ஒன்று கொடுப்பார்கள். அது சூட்டில் பட்டென்று வெடிக்கும். அதையும் குப்பையில் சேருங்கள்.

அப்படியானால் சூரியனைப் பிள்ளைகளுக்கு எப்படித்தான் காட்டுவது? முதுகைச் சூரியனுக்குக் காட்டி நிற்க வைத்துத்தான். நம் பக்கத்து ஓட்டு வீடுகளில், தறி போட்டிருக்கும் இருட்டான கூடத்தில், ஓட்டு இடுக்கு வழியாக வெயில் உள்ளே விழுவதைப் பார்த்திருப்பீர்கள். இடுக்கு எப்படிக் கோணலாக இருந்தாலும், அது சிறியதாக இருந்தால் தரையில் விழுவது வட்டம்தான். அந்த வட்டம் ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலம் இருக்கும். கிரகண நாளில் தரை முழுக்கப் பிறைபிறையாக விழும். பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளை பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி இது. அதை ஒரு தரம் சுட்டிக்காட்டினால் போதும், பாதிப் பாடம் முடிந்துவிடும்.

கான்கிரீட் பள்ளிக்கூடமா? ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, அரை சென்டிமீட்டர் ஓட்டை போட்ட தாளை அதன்மேல் ஒட்டுங்கள். கண்ணாடியை வெயிலில் வைத்து, கதிரை ஜன்னல் வழியே இருட்டாக்கிய வகுப்புக்குள் திருப்புங்கள். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் ஒன்பது சென்டிமீட்டர் அகலத்துக்குச் சூரியன் வந்து உட்காரும். 2024 மே மாதம் வந்த 13664 என்ற எண்ணுள்ள புள்ளிக் கூட்டம் பூமியைப் போலப் பதினைந்து மடங்கு அகலம். அப்படிப்பட்டது இந்தச் சுவர்ப் படத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், மங்கலாகவேனும் தெரியும். கண்ணாடிக்கு நேரே எவரும் முகத்தைக் கொண்டுபோகாமல் ஒருவர் காவல் நிற்க வேண்டும். செலவு என்று பார்த்தால் பத்து ரூபாய் ஆகாது.

திருப்புட்குழியில் இந்தப் பாடத்தை ஆரம்பிக்கக் கதைக்குப் பஞ்சமே இல்லை. விஜயராகவப் பெருமாள் கோயில் ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த தலம் என்று ஊரே சொல்லும். குளமும் அந்தப் பறவையின் பெயரில்தான். அந்த ஜடாயு இளவயதில் அண்ணன் சம்பாதியோடு சூரியனை நோக்கிப் பறந்ததும், வெப்பம் தாங்காத தம்பியை அண்ணன் தன் சிறகை விரித்து மறைத்ததும், மறைத்தவன் சிறகு பொசுங்கி விழுந்ததும் நம் பிள்ளைகள் உபன்யாசத்தில் கேட்ட கதை. அறிவியல் ஆசிரியர் இதைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. "மேலே போகப் போகக் குளிரத்தானே செய்யும் சார், விமானம் பறக்குற உயரத்துல மைனஸ் ஐம்பதுன்னு சொன்னீங்களே?" என்று ஒரு பெண் எழுந்து கேட்டால் அன்றைக்கு வகுப்பு களைகட்டிவிட்டது என்று அர்த்தம். கூடவே அடுத்த புதிரையும் போடலாம். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. அதற்கு வெளியே பரந்திருக்கும் ஒளிவட்டமோ பத்து லட்சம் டிகிரிக்கு மேல். அடுப்பை விட்டு விலகினால் சூடு குறைய வேண்டும், இங்கே கூடுகிறது. ஆதித்யா சுமந்து போன ஏழு கருவிகளில் பெரியதான ஒளிவட்டமானி இதையும் சேர்த்துத்தான் ஆராய்கிறது.

இராமாநுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இந்த ஊரில்தான் என்பது மரபு. ஆசிரியர் சொன்ன பொருளை மாணவர் மறுத்துப் பேசிய ஊர் இது! குருவுக்குக் கோபம் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். இன்றைய மாணவர் மறுத்துப் பேசினால் கோபப்படாதீர்கள், ஏனென்றால் அவர் கையில் கைபேசி இருக்கிறது. நீங்கள் பதில் சொல்லாவிட்டால் அது சொல்லும். அது சொல்வதுதான் என் இரண்டாவது உஷார்.

ஆண்டுதோறும் ஜூலை பிறந்தால் ஒரு செய்தி தவறாமல் வலம்வரும். நாளை காலை முதல் 'அல்ஃபீலியன்' தொடங்குகிறது, ஆகஸ்ட் வரை பயங்கரக் குளிர், சளி, காய்ச்சல், மூச்சுத்திணறல் வரும் என்று. பூமிக்கும் சூரியனுக்கும் வழக்கமான தூரம் 9 கோடி கிலோமீட்டர், இப்போது 15 கோடிக்கு மேல் போகிறது, 66 சதவீதம் அதிகம் என்று கணக்கு வேறு. கணக்கைப் பார்த்ததும் படித்தவர்களே நம்பிவிடுகிறார்கள். உண்மையில் நடந்திருப்பது என்ன? சராசரித் தூரமான 15 கோடி கிலோமீட்டரை மைலில் சொன்னால் 9.3 கோடி. எவரோ மைலையும் கிலோமீட்டரையும் குழப்பிப் பூமியை நகர்த்திவிட்டார். ஜனவரி தொடக்கத்தில் 14.7 கோடி, ஜூலை தொடக்கத்தில் 15.2 கோடி, வித்தியாசம் நூற்றுக்கு மூன்றரைகூட இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே ஐந்து நிமிடத்தில் உடைத்துப் போடக்கூடிய புரளி இது. உடைக்கக் கொடுக்கத்தான் ஆளில்லை.

இன்னொன்று இதைவிடப் பழையது. இன்றிரவு பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை அண்டக் கதிர்கள் பூமியை உரசிப் போகும், கைபேசியை அணைத்துவிடுங்கள், பக்கத்தில் வைத்துத் தூங்காதீர்கள், சிங்கப்பூர் தொலைக்காட்சியில் சொன்னார்கள் என்று வரும். அண்டக் கதிர்கள் நள்ளிரவுக்குக் காத்திருப்பதில்லை. இதை நீங்கள் படிக்கும் இந்த நொடியிலும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. காந்தப்புலமும் காற்று மண்டலமும் நமக்கு மேலே கவசமாக நிற்பதால் தரையில் இருக்கும் உடம்புக்குச் சூரியப் புயலால் கேடு வராது. கைபேசி வெடிக்காது. கர்ப்பிணிகளுக்கு ஒன்றும் ஆகாது. 2025 ஜூலையில் 'ஆகஸ்ட் 2 அன்று உலகமே ஆறு நிமிடம் இருளும்' என்று பரவியதே, அது மேலே சொன்ன 2027 கிரகணத்தின் வருடத்தை மாற்றிப் போட்ட வேலை. ஆண்டு நெருங்க நெருங்க அது மறுபடியும் தலைதூக்கும்.

புரளியில் மிகவும் வில்லங்கமானது பாதி உண்மை கலந்தது. 2021-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக இர்வைன் வளாகத்தின் சங்கீதா அப்து ஜோதி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். மிகப் பெரிய சூரியப் புயல் வந்தால் கடலடி இணையக் கம்பிகளில் இடையிடையே உள்ள பெருக்கிகள் பழுதாகலாம் என்பது அதன் வாதம். தலைப்பில் 'இணையப் பேரழிவு' என்ற தொனி இருந்தது. அவ்வளவுதான், 'இணையம் பல மாதம் போகப் போகிறது' என்று காணொளிகள் கிளம்பிவிட்டன. நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூர் வழியே இணைந்திருப்பதால் ஆசியாவுக்கு ஆபத்து ஒப்பளவில் குறைவு என்று அதே கட்டுரை சொன்னதை ஒரு காணொளியும் சொல்லவில்லை.

ஏர்பஸ் விஷயத்தையும் இப்படி நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். 2025 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ஒரு விமானம் திடீரென்று உயரம் குறைந்து பலர் காயம்பட்டதுதான் தொடக்கம். அன்றைக்குச் சூரியன் அப்படியொன்றும் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை, காரணம் வேறு அண்டக் கதிராகவும் இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் சிலர் சந்தேகம் எழுப்பினார்கள். சந்தேகத்தைச் சந்தேகமாகவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் சூரியன்தான் காரணம் என்று அடித்துச் சொல்கிற ஆசிரியருக்கும் அந்தக் காணொளிக்காரருக்கும் என்ன வித்தியாசம்?

சரி, நிஜமாக என்னதான் நடக்கிறது? சூரியன் கெட்டியான உருண்டை இல்லை. நடுப்பகுதி ஏறக்குறைய 25 நாளில் ஒரு சுற்றுச் சுற்றும், துருவப் பக்கம் 35 நாள் எடுத்துக்கொள்ளும். வேகம் ஒத்துப்போகாததால் காந்தப்புலக் கோடுகள் முறுக்கேறிப் பின்னிக்கொள்ளும். ஒரு முனையை இழுத்து மறுமுனையை விட்டுவிட்ட பாவு இழைகள் மாதிரி. சிக்கு விழுந்த இடம் புள்ளியாகத் தெரியும். முறுக்குத் தாங்காமல் அறுந்தால் மூன்று தவணையாக நமக்கு வந்து சேரும். எக்ஸ் கதிர் ஒளியோடு ஒளியாக எட்டே கால் நிமிடத்தில் வந்துவிடும். வேகமேறிய புரோட்டான்கள் அரை மணி, ஒரு மணியில் வரும். கடைசியாக, காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு மின்மத் திரள் வரும். சாதாரணமாக அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். 1859-இல் ரிச்சர்ட் கேரிங்டன் லண்டன் அருகே தன் வீட்டிலிருந்து பார்த்த வெடிப்பின் திரள் பதினேழரை மணி நேரத்தில் வந்து மோதியது. தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது.

அந்தப் புயலுக்கு மிக முக்கியமான சாட்சி எங்கே இருக்கிறது தெரியுமா? பம்பாய் கொலாபா ஆய்வகப் பதிவேட்டில். வெள்ளைக்காரர்கள் நம் மண்ணில் கட்டிய ஆய்வகம் அன்றைக்குக் காந்தப்புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா விழுந்ததைக் குறித்து வைத்தது. 2003-இல் அதை மறுபடி எடுத்துப் படித்த பிறகுதான் உலகம் அந்தப் புயலின் அளவை மதிப்பிட்டது. 1872 பிப்ரவரியில் துருவ ஒளி பம்பாய் வரை தெரிந்ததாகவும் பதிவு உண்டு. 'இதெல்லாம் கனடாக்காரன் பிரச்சினை' என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு பதிவுகளையும் படிக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை கனடாக்காரருக்குத்தான் கஷ்டம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். 1989 மார்ச் 13 அன்று கியூபெக் மாகாணத்தின் மின்தொகுப்பு தொண்ணூறு விநாடியில் சரிந்தது. அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். காஞ்சிபுரத்து விசைத்தறி சூரியப் புயலால் நின்றுபோகும் வாய்ப்பு மிகக் குறைவு. நமக்கு வரும் கேடு வேறு வழியாக வருகிறது. அதைத்தான் நம் வகுப்பறைகளில் எவரும் சொல்வதில்லை.

பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே ஓடுகிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விடப்பட்டதற்கே அதுதான் காரணம். இந்தக் கோட்டை ஒட்டிய வானில், நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, பகலில் ஒரு மின்னோட்டம் ஆறாக ஓடும். சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பி மேலே பொங்கும். அந்தக் குமிழிகளைக் கடந்து வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை நட்சத்திரம் மாதிரி மினுமினுத்துச் சிதையும். சூரியப் புள்ளிகள் அதிகமான ஆண்டுகளில், அதிலும் மார்ச் ஏப்ரல், செப்டம்பர் அக்டோபர் மாதங்களில், இருட்டியதிலிருந்து நள்ளிரவை ஒட்டி இந்தக் கூத்து உச்சத்தில் இருக்கும். இதைப் படிப்பதற்கென்றே இந்திய புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறது. ஆக, துருவ ஒளி தெரியாத நம் வானம்தான் ஜி.பி.எஸ்.ஸுக்கு உலகிலேயே தொல்லை தரும் வானங்களில் ஒன்று. ட்ரோன் பறக்கவிடுபவர், நில அளவைக்காரர், விமானத்தைத் தரையிறக்குபவர் என்று இருப்பிடத்தைச் சென்டிமீட்டர் துல்லியத்தில் கேட்கும் எவருக்கும் இது வயிற்றில் புளியைக் கரைக்கும் செய்தி. 2024 மே புயலின்போது அமெரிக்காவில் விதைப்புக் காலம். செயற்கைக்கோள் வழிகாட்டலில் ஓடிய டிராக்டர்கள் வரி தப்பி, பல விவசாயிகள் வேலையை நிறுத்தினார்கள். இந்தியாவில் பெரிய பாதிப்பு இல்லை. புயலின் முக்கிய அடி நமக்கு மே 11 அதிகாலையில் விழுந்தது, அயனி மண்டலம் முழுதாகத் தலையெடுக்காத நேரம் என்று இஸ்ரோ விளக்கியது. நேரம் நம் பக்கம் இருந்ததால் தப்பித்தோம்.

இன்னொன்று, சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும் இடத்தில்தான் எக்ஸ் கதிரின் அடி பலமாக விழும். வானொலிச் சிற்றலையில் பேசுகிறவர்களுக்கு அந்த நிமிடமே காது அடைத்துவிடும். வங்கக் கடலின் நடுவே தரை நிலையத்தின் குரல் எட்டாத தூரத்தில் பறக்கும் விமானங்கள் அந்தச் சிற்றலையையும் நம்பித்தான் போகின்றன. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நண்பகலில் அந்த இடம் நம் தலைக்கு மேலேயோ, அருகிலேயோதான் இருக்கிறது.

'உச்சம் 2024 அக்டோபரோடு முடிந்துவிட்டதே, இனி என்ன?' என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதினோரு ஆண்டுச் சுழற்சியின் இறங்குமுகத்தில்தான் பல பெரும் புயல்கள் வந்திருக்கின்றன. 2003 அக்டோபர் கடைசியில் சுவீடனின் மால்மோ நகரத்தை இருட்டாக்கிய புயல் அந்தச் சுழற்சியின் உச்சம் தாண்டி இரண்டு ஆண்டு கழித்து வந்தது. எலான் மஸ்கின் நிறுவனம் 2022 பிப்ரவரியில் ஏவிய 49 செயற்கைக்கோள்களில் ஏறக்குறைய நாற்பதைக் காவு வாங்கியதோ, வலுவான புயல்கூட இல்லை. சாதாரணப் புயல்தான். மேல்வளிமண்டலம் சற்று உப்பியது, ஏறிக்கொண்டிருந்தவை இழுபட்டு எரிந்தன.

பிள்ளைகளுக்கு நிஜத் தரவைக் கையில் கொடுக்க முடியுமா? முடியும், அதுவும் நம் மாநிலத்துத் தரவையே. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கப்பட்டது. 1876-78 தாதுப் பஞ்சத்தில் மதராஸ் மாகாணம் செத்துச் சுண்ணாம்பான பிறகு, மழைக்கும் சூரியப் புள்ளிக்கும் சம்பந்தம் உண்டா என்று தேடிய தவிப்பில் பிறந்த ஆய்வகம் அது. மழை ரகசியம் அப்படிச் சுலபமாகக் கிடைக்கவில்லை. ஆனால் 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதை அங்கே கண்டுபிடித்தார். நூறு ஆண்டுக்கு மேலான சூரியப் படங்கள் இன்று எண்ணிமமாக்கப்பட்டுப் பொதுவில் கிடைக்கின்றன. நாலு நாள் படங்களை அடுத்தடுத்து வைத்துப் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கச் சொல்லுங்கள். சூரியன் சுழலும் வேகத்தைப் பிள்ளையே கணக்கிட்டுவிடும். கண்ணுக்குக் கேடும் இல்லை. ஆதித்யாவின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதைப் பின்வரிசைப் பெண் பிள்ளைகளுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் அந்தக் கலம் மின்மத் திரள் தன்னைக் கடக்கும்போது கொடுக்கும் எச்சரிக்கை பூமிக்கு அரை மணி, ஒரு மணி நேர அவகாசம்தான் என்பதையும் சேர்த்து.

வெளியே அழைத்துப் போய்த்தான் ஆக வேண்டுமென்றால் நிழலில்லா நாளைத் தேர்ந்தெடுங்கள். காஞ்சிபுரத்துக்கு அது ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டி வரும், பகல் பன்னிரண்டு தாண்டிப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள். குச்சியை நட்டால் நிழல் காணாமல் போகும், பிள்ளைகள் பார்ப்பது தரையைத்தான். ஏப்ரல் வேண்டாம். அது விடுமுறையை ஒட்டிய நேரம், வெயிலோ கொலைவெயில். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே 2024 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. இறப்புக்கு நாலு லட்சம் இழப்பீடு தரும் அளவுக்கு நிலைமை போயிருக்கிறது. நூற்றைம்பது பிள்ளைகளைப் பதினொன்றரைக்கே மைதானத்தில் வரிசைகட்டி நிற்க வைத்து, சிறப்பு விருந்தினர் வரட்டும் என்று காத்திருந்து, நிழல் மறைவதற்குள் நாலு பேர் மயங்கி விழுந்தால் அதற்குப் பெயர் அறிவியல் விழாவா? ஆகஸ்டிலும் பத்து நிமிடம் போதும். தொப்பி, தண்ணீர், முடிந்ததும் நேரே மரத்தடி. சிறப்பு விருந்தினரை வகுப்பறையில் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

அட்டைக் கண்ணாடி வாங்குவதென்றால் 2027 ஜூலையில் கடைசி நேரத்தில் அலையாதீர்கள். அப்போது சந்தையில் போலிகள் குவியும். தர எண்ணை அச்சடிக்க எவருக்கும் தெரியும், எண் இருப்பதால் மட்டும் நம்ப முடியாது. மாட்டிக்கொண்டு வகுப்பறைக் குழல்விளக்கைப் பாருங்கள், ஒன்றுமே தெரியக் கூடாது. கைபேசி டார்ச்சை அருகே பிடித்தால் மங்கலான ஒரு பொட்டு தெரியலாம், அதற்கு மேல் எது தெரிந்தாலும் அந்தக் கண்ணாடி வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஊசித் துளை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர், ஒரு பார்வைக்குச் சில விநாடி. போட்டுக்கொள்ளும்போதும் கழற்றும்போதும் தலை குனிந்திருக்க வேண்டும். மாலை முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தால், ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பையனின் பையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.